இளம் டாக்டர்: திரையிலா, தாளிலா?

ரஷ்ய எழுத்தாளர் மிகையீல் புல்ககோவ் 1916-ல் மருத்துவம் முடித்த கையோடு ரஷ்யாவில் ஸ்மோலென்ஸ்க் பக்கம் ஒரு கிராம ஆஸ்பத்திரிக்குப் போனவர். அந்த அனுபவத்தில் பிறந்த கதைகளை வைத்து 2012-ல் வந்த பிரிட்டிஷ் தொடர்தான் 'எ யங் டாக்டர்ஸ் நோட்புக்'.

தொடரில் இளம் டாக்டராக வரும் டேனியல் ராட்கிளிஃப் தடுமாறும்போதெல்லாம், வயதான அவராகவே ஜான் ஹாம் பக்கத்தில் நின்று நக்கலடிக்கிறார். இது கதைகளில் கிடையாது. சிரிப்புக்கு நல்ல உத்திதான். ஆனால் கால் அறுக்கும் காட்சியில் ரத்தம் கொஞ்சம் ஓவர். சாப்பிட்டுக்கொண்டே பார்க்காதீர்கள்!

அதே சம்பவம் கதையில் வேறு மாதிரி வலிக்கிறது. இயந்திரத்தில் சிக்கிய பெண் மேசையில் கிடக்கிறாள். 'சீக்கிரம் செத்துவிடேன்' என்று மனதுக்குள் கெஞ்சுகிறார் டாக்டர். அவளோ பிழைத்து, சில மாதம் கழித்து ஊன்றுகோலோடு வந்து, சிவப்புச் சேவல் பின்னிய துண்டு ஒன்றை நீட்டுகிறாள். எனக்கு அந்தத் துண்டு போதும்.

அப்புறம் மார்ஃபின் என்ற வலி மருந்து. கதையில் அதற்கு அடிமையாவது வேறொரு டாக்டர். தொடரோ அதை நாயகன் தலையிலேயே கட்டிவிட்டது. புல்ககோவே அந்தப் பழக்கத்தில் சிக்கி மீண்டவர் என்பதால், இந்த மாற்றத்தை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை.