ஜீரோ ஃபோர்சிங், எம்எம்எஸ்இ, டிஎஃப்இ: நாள்பட ஓட்டியதில் தெரிந்தவை

சேனல், அதாவது சிக்னல் வரும் வழி, அடுத்தடுத்த குறியீடுகளை ஒன்றோடொன்று கலந்துவிடும். அந்தக் குறுக்கீட்டை ரிசீவரில் நீக்கும் ஈக்வலைசர் வகைகள்தான் இவை. மூன்றையும் ஒரே மோசமான சேனலில் ஓட்டினால்தான் குணம் தெரியும். 0.407, 0.815, 0.407 என்ற மூன்று டேப் (தாமத நகல்களின் எடை) சேனல் அதற்குத் தோதானது. அதிர்வெண் பட்டையின் விளிம்பில் அதன் வீச்சு கிட்டத்தட்டச் சுழி.

சேனலின் வீச்சால் அப்படியே வகுக்கும் ஜீரோ ஃபோர்சிங் அந்தப் பள்ளத்தை நிரப்பப் போய் இரைச்சலையும் ஊதிவிடும். வீச்சு 0.01 ஆக உள்ள அதிர்வெண்ணில் 100 மடங்கு பெருக்கம். எம்எம்எஸ்இ தன் வகுத்தியில் இரைச்சலையும் கூட்டிக்கொள்வதால், 20 டெசிபெல் எஸ்என்ஆரில் (சிக்னல்-இரைச்சல் விகிதம்) அதே இடத்தில் பெருக்கம் 1-ஐத் தாண்டாது. எங்குமே 5-க்கு மேல் போகாது. கொஞ்சம் குறுக்கீடு மிஞ்சும், மிஞ்சட்டும். ஈக்வலைசர் டேப்களின் வர்க்கங்களைக் கூட்டிப் பாருங்கள்: வெள்ளை இரைச்சலின் திறன் அத்தனை மடங்காகிறது. 10 வந்தால் 10 டெசிபெல் போச்சு.

இரைச்சல் மதிப்பீட்டைக் குறைத்துப் போட்டால் எம்எம்எஸ்இ மெல்ல ஜீரோ ஃபோர்சிங் ஆகிவிடும். சந்தேகம் இருந்தால் சற்றுக் கூட்டியே போடலாம்.

க்யூபிஎஸ்கே-யில் (4 புள்ளி மாடுலேஷன்) கண்ணில் படாத கோளாறு ஒன்று 16-க்யூஏஎம்-இல் (16 புள்ளி) வெளிவரும். எம்எம்எஸ்இ வெளியீடு சுருங்கித்தான் வரும். இந்தச் சேனலில் சுமார் 0.82 மடங்கு. 3-இல் நிற்க வேண்டிய புள்ளி 2.46-க்கு இறங்கும், 1-க்கும் 3-க்கும் இடையிலான முடிவெல்லையோ 2. 0.82-ஆல் வகுத்த பிறகே முடிவெடுக்க வேண்டும். வகுத்தாலும் வெளியீட்டு எஸ்என்ஆர் 6.6 டெசிபெல்தான் என்பதால், இங்கே 16-க்யூஏஎம் ஓட்டுவது வீண் வேலை.

டிஎஃப்இ-க்கு (முடிவுகளைப் பின்னூட்டும் ஈக்வலைசர்) மாறினால் அதுவே சுமார் 15 டெசிபெல். முடிவான குறியீடுகளைக் கழிப்பதால் பின்னூட்டம் இரைச்சலைப் பெருக்காது; இந்தச் சேனலுக்கு 2 பின்னூட்ட டேப் போதும். ஆனால் அந்த 15, முடிவுகள் எல்லாம் சரியாக இருந்தால் வருவது. ஒன்று தப்பினால் பிழை கொத்தாக வரும். தொடர்ந்து 2 குறியீடுகள் சரியானால்தான் அடங்கும். பின்னால் எரர் கரெக்‌ஷன் இருந்தால் கொத்துப் பிழைகளைப் பரப்பிவிடும் இன்டர்லீவர் கட்டாயம்.

டேப்களைப் படிப்படியாகத் திருத்தும் எல்எம்எஸ்-க்கு 11 டேப், உள்ளீட்டுத் திறன் 1 என்றால் ஸ்டெப் சைஸை 0.018-இல் தொடங்கலாம். ஏஜிசி (தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாடு) நிலைப்படும் முன் டேப்களைப் பழக்கினால், திறன் ஏறும்போது அதே எண் அதிகமாகி டேப்கள் சிதறும். தன் முடிவுகளையே நம்பி எல்எம்எஸ்-ஐத் தொடங்க முடியாது, பயிற்சிக் குறியீடுகள் வேண்டும்: சேனலின் நடு டேப் 0.815, இருபக்கக் குறுக்கீடு சேர்ந்து 0.814, கண் (குறியீடுகளைப் பிரித்தறியும் இடைவெளி) கிட்டத்தட்ட மூடியே இருக்கும். ரெஃபரன்ஸ் டேப்பை (முக்கிய எடை நிற்கும் இடம்) ஜீரோ ஃபோர்சிங், எம்எம்எஸ்இ போன்ற லீனியருக்கு நடுவிலும், டிஎஃப்இ-க்கு முன்னோட்ட ஃபில்டரின் கடைசியிலும் வையுங்கள்.