பட்டியிலிருந்து நேராகவா, கைதிகள் பழக்கியதா? முஸ்டாங் தத்தெடுப்பு ஓர் ஒப்பீடு

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பொது நிலங்களில் திரியும் முஸ்டாங் குதிரைகளுக்கு 1971-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. மேய்ச்சல் தாங்காத அளவுக்குப் பெருகினால், நில மேலாண்மைத் துறை அவற்றைப் பிடித்துப் பட்டியில் அடைத்துத் தத்துக்கு விடுகிறது. அப்படியே காட்டுக்குதிரையாக எடுப்பதா, நெவாடாவின் கார்சன் சிட்டியில் சிறைக் கைதிகள் பழக்கியதை எடுப்பதா?

விலை
பழக்காதது: 125 டாலரில் தொடங்கும்.
பழக்கியது: ஏலம்தான், ஆயிரங்களைத் தொடுவதும் உண்டு.
பயிற்சியாளர் கூலியையும் சேர்த்துப் பாருங்கள், அந்த 125 அவ்வளவு மலிவில்லை.

இடம்
பழக்காத வளர்ந்த குதிரைக்கு 6 அடி வேலி, குறைந்தது 400 சதுர அடிப் பட்டி. முள்கம்பி கூடவே கூடாது.

பழக்கம்
பழக்காதது மனிதக் கைக்குப் பழகாதது. கழுத்தில் கயிறு மாட்டவே வாரக்கணக்கில் ஆகலாம். குளம்பைத் தூக்கிக் காட்டுவதெல்லாம் அப்புறம். ஆனால் முதல் நம்பிக்கை உங்கள்மேல்தான் விழும். அந்தச் சுகத்துக்காகவே இதை எடுப்பவர்கள் உண்டு.
பழக்கியது ஏறக்குறைய 4 மாதப் பயிற்சி முடித்து, சேணம் ஏற்றுப் பழகியிருக்கும். என்றாலும் புது ஆளிடம் கொஞ்ச நாள் முறைக்கும்.

உரிமை
இரண்டுக்கும் ஓராண்டு கழித்தே உரிமைப் பத்திரம். அதுவரை குதிரை அரசுடையது, விற்க முடியாது.

முதல் குதிரை என்றால் பழக்கியதையே எடுங்கள். குதிரைகளோடு வளர்ந்தவர், நேரமும் பொறுமையும் உள்ளவர் என்றால் பட்டிக்குப் போகலாம்.