சொசைட்டி ஹாலில் ‘இலவசக் காது முகாம்’ போட்டால் உஷாராக இருங்கள்

மும்பையில் வயதான அப்பா அம்மாவோடு இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். செம்பூரில் எங்கள் ஹவுசிங் சொசைட்டி ஹாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவசக் காது பரிசோதனை முகாம் போட்டார்கள். அதில் என் அம்மாவுக்கு 92,040 ரூபாய்க்கு இரண்டு காது மெஷின்களை விற்றுவிட்டுப் போனார்கள். பணம் போனது ஒரு பக்கம். சீழ் வடிகிற காதுக்குள் மெஷினைச் சொருகி அனுப்பியதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்று நான் ஊரில் இல்லை. அப்பா, அம்மா, பக்கத்து வீட்டு ஆச்சி மூவரும் போயிருக்கிறார்கள். வெள்ளைக் கோட்டும் ‘ஹியரிங் ஸ்பெஷலிஸ்ட்’ என்ற பேட்ஜும் போட்ட ஒருவர், ஒரு டேப்லெட்டையும் ஹெட்போனையும் வைத்து டெஸ்ட் எடுத்தாராம். அடுத்த மேஜையில் சுகர் டெஸ்டுக்கு வரிசை, தலைக்கு மேலே கடகடவென்று ஃபேன், வெளியே ஆட்டோ ஹாரன். காதுக்குள் டார்ச் அடித்துக்கூடப் பார்க்கவில்லை. கேள்வியெல்லாம் இந்தியில். அம்மா திருநெல்வேலிப் பக்கம். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் அவளுடைய இந்தி காய்கறிக்காரரோடு நின்றுவிடும். எதைக் கேட்டாலும் ‘ஹான், ஹான்’ என்றிருக்கிறாள். சின்ன வயதிலிருந்தே இடது காதில் அவ்வப்போது சீழ் வரும் என்பதைத் தமிழில் ஒருவர் கேட்டிருந்தால் விலாவாரியாகச் சொல்லியிருப்பாள்.

அப்புறம் பயமுறுத்தல். ‘இன்றைக்கே மெஷின் போடாவிட்டால் ஞாபகமறதி நோய் வந்துவிடும்’ என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். காது கேளாமைக்கும் மறதி நோய்க்கும் தொடர்பு இருப்பதாக ஆராய்ச்சிகள் சொல்வது உண்மைதான். அதற்காக ஞாயிறு மதியத்துக்குள் கார்டைத் தேய்க்க வேண்டும் என்று எந்த ஆராய்ச்சியும் சொல்லவில்லை.

விலை 78,000. பில் வேண்டாமென்றால் அதோடு சரி, பில் வேண்டுமென்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும் என்றார்களாம். அப்பா ரயில்வேயில் இருந்தவர், பில் இல்லாமல் குண்டூசிகூட வாங்க மாட்டார். கூடுதல் பணத்தைக் கொடுத்து பில் வாங்கினார். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்: காது மெஷினுக்கு ஜி.எஸ்.டி.யே கிடையாது, முழு வரிவிலக்கு. அந்த 14,040 ரூபாயை பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று எழுதியிருக்கிறார்கள்.

மெஷின் போட்ட நாளிலிருந்து அம்மாவுக்கு நிம்மதி போயிற்று. ஆள் பேசுவது புரியவில்லை. ஆனால் கரண்டி விழுந்தாலும் குக்கர் விசில் அடித்தாலும் ‘மண்டைக்குள்ள இறங்குதுய்யா’ என்று காதைப் பொத்திக்கொண்டாள். மெல்லிய சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும்போதே பெரிய சத்தத்துக்கு ஒரு உச்ச வரம்பும் வைக்க வேண்டும். அதைச் சரிபார்க்க காதுக்குள் மெல்லிய குழாய் விட்டு அளக்கும் முறை இருக்கிறது. இங்கே அளவும் இல்லை, வரம்பும் இல்லை. போன் செய்தால் ‘பழகிவிடும் அங்கிள்’ என்று ஒரே பதில்.

சில வாரத்தில் இடது காதில் வலி, நாற்றம், தலையணையில் கறை. ரப்பர் முனை காதை அடைத்துக்கொண்டதால் காற்றோட்டம் இல்லாமல் சீழ் அதிகமாகிவிட்டது. அந்த ஈரம் ஏறி இடது மெஷினும் செத்துப்போனது. ‘ஈரம் பட்டால் வாரண்டி கிடையாது’ என்று கையை விரித்துவிட்டார்கள்.

ஈஎன்டி டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவுடனே சொல்லிவிட்டார்: செவிப்பறையில் பழைய ஓட்டை, சீழ் நிற்கும்வரை இந்தக் காதில் எதுவும் சொருகக் கூடாது. மருந்து போட்டுக் காது காய்ந்த பிறகு பாந்த்ரா ரெக்லமேஷனில் இருக்கும் அலி யாவர் ஜங் நிறுவனத்துக்குப் போனோம். பேச்சு, கேட்டல் குறைபாடுகளுக்காக 1983இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் அது. சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து, ஹெட்போனில் ஒரு தடவை, காதுக்குப் பின்னால் எலும்பில் அதிரும் சின்னக் கருவியை வைத்து ஒரு தடவை என்று நிதானமாக எடுத்தார்கள். முகாமில் கொடுத்த ஆடியோகிராமை, அதாவது டெஸ்ட் முடிவை வரைந்து காட்டும் தாளை, நான் நீட்டினேன். அதில் வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி, அவ்வளவுதான். எலும்பு வழி டெஸ்டுக்கு அடைப்புக்குறி மாதிரி இன்னொரு வரிசைக் குறி இருக்க வேண்டும், அது மொத்தமாகக் காணோம். அந்த இரண்டு வரிசைக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் கோளாறு வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது, முதலில் டாக்டர் பார்க்க வேண்டும் என்று அர்த்தமாம். அம்மாவின் இடது காதில் அந்த இடைவெளி நன்றாகவே தெரிந்தது. வலது காதில் வயதால் வந்த நரம்புக் குறைபாடு, அதற்கு மட்டும் மெஷின் போதும் என்றார்கள்.

பழைய வலது மெஷினையாவது சரியாக டியூன் செய்யலாம் என்று பார்த்தால், அது அந்தக் கம்பெனி சாஃப்ட்வேரில் மட்டுமே திறக்கும். வேறு யாரும் தொட முடியாது.

காதுக்கு மெஷின் பொருத்துகிறவர் மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற ஆள் மாதிரி இல்லை. அமெரிக்காவில் ஹியரிங் இன்ஸ்ட்ருமென்ட் ஸ்பெஷலிஸ்ட் என்றே உரிமம் வாங்கிய ஒரு தொழில் இருக்கிறது. மெஷின் பொருத்துவதற்காக டெஸ்ட் எடுப்பது, பொருத்துவது, பிறகும் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. நோயைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை இல்லை. ஆனால் சீழ், வலி, தலைசுற்றல், திடீர் கேளாமை, ஒரு காது மட்டும் கேட்காதது இதிலே எதைக் கண்டாலும் விற்பனையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் அனுப்பவேண்டிய பொறுப்பு உண்டு. நம் நாட்டில் இந்த வேலைக்கு ஆடியாலஜிஸ்ட்கள் இருக்கிறார்கள். பட்டம் படித்து, 1992ஆம் வருஷச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். பேட்ஜில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். நான் போனில் அந்த எண்ணைக் கேட்டபோது எதிர்முனையில் ‘மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்றவர் பிறகு எடுக்கவே இல்லை.

காசு கொடுப்பதற்கு முன்னால் சில நாள் வீட்டில் போட்டுப் பார்க்கத் தருவார்களா, வேறு இடத்தில் டியூன் செய்ய முடியுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பெரியவர்களுக்கு இந்தி வராதென்றால் கூட ஒருவர் கட்டாயம் போக வேண்டும். அதே முகாமில் அட்வான்ஸ் கட்டிய ஆச்சியை ஈஎன்டியிடம் கூட்டிப்போனோம். இரண்டு காதிலும் அழுக்கு அடைத்திருந்தது. எடுத்துவிட்டதும் ‘ஏட்டி, கத்தாதே, கேக்குது’ என்றார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்தோம். கம்பெனி பாதிப் பணம் தருவதாகச் சொல்லியது, அப்பா சம்மதிக்கவில்லை. பில், முகாமில் கொடுத்த ஆடியோகிராம், ஈஎன்டி சீட்டு மூன்றையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். செம்பூர் பக்கம் இதே மாதிரி முகாமில் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், மெஷினைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் அந்த ஆடியோகிராம் தாளைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள்.