இடிப்பதா, பழுது பார்ப்பதா, விற்றுவிட்டுப் போவதா: பழைய மாலில் கடை வைத்திருப்பவனின் கணக்கு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்த மறுநாள், எங்கள் மாலின் பேஸ்மென்ட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஜெனரேட்டர், மின்சாரப் பேனல், மோட்டார் எல்லாம் அங்கேதான். ஒன்பது நாள் கட்டடம் இருட்டிலேயே கிடந்தது. பத்தாவது நாள் கரண்ட் வந்ததும் கடை உரிமையாளர் சங்கத்தில் ஒரே பேச்சு: இந்தக் கட்டடத்தை இனி என்ன செய்வது?

எழும்பூருக்கும் அண்ணா சாலைக்கும் நடுவில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கட்டிய மால் இது. பெயர் வேண்டாம். முதல் மாடியில் 160 சதுர அடியில் எனக்கு ஓர் ஆல்ட்டரேஷன் கடை இருக்கிறது. அப்பா வாங்கியது. புடவைக்கு ஃபால்ஸ், பிக்கோ, ஜாக்கெட் பிரித்துத் தைப்பது, பேன்ட் உயரம் குறைப்பது, இதுதான் தொழில். பாந்தியன் சாலை கோ-ஆப்டெக்ஸில் புடவை எடுத்துக்கொண்டு, அந்தப் பையோடே எங்கள் கடைக்கு நடந்து வரும் வழக்கம் அப்பா காலத்திலிருந்து இருக்கிறது.

எங்கள் முன்னால் மூன்று வழிகள் வந்தன. பில்டரிடம் கொடுத்து இடித்துக் கட்டுவது ஒன்று. கையிலிருந்து காசு போட்டு இருக்கிற கட்டடத்தையே மாடி மாடியாகச் சரி செய்வது இன்னொன்று. விற்றுவிட்டுத் தெருப்பக்கம் கடை பார்ப்பது மூன்றாவது. நான் இரண்டாவதற்குக் கையெழுத்துப் போட்டவன். அதனால் நடுநிலையாகப் பேசுவதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

பில்டர் சொன்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். கார்ப்பெட் ஏரியா, அதாவது கடைக்கு உள்ளே உண்மையில் புழங்குகிற இடம், பழைய 160 சதுர அடிக்குப் புதிய கட்டடத்தில் அதே 160. கட்டி முடிக்கிற 36 மாதத்துக்கும் மாதம் 18,000 ரூபாய் வாடகை ஈடு. பதிவுச் செலவு அவருடையது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவருக்கு இதில் என்ன லாபம் என்பதும் ரகசியமில்லை. 2019ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி உயரமான கட்டடத்துக்கு நிலப்பரப்பைப்போல் 3.25 மடங்கு வரை கட்டலாம். அதற்கு மேலும் கட்டணம் செலுத்தி, கூடுதலாகக் கட்டும் உரிமையை, அதாவது பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.யை வாங்கலாம். எங்கள் கட்டடம் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. மிச்சமிருக்கும் அந்த ஆகாயம்தான் அவருடைய பங்கு. அதில் அலுவலகங்கள் வரும் என்று வரைபடத்திலேயே போட்டிருந்தார்.

சட்டமும் கொஞ்சம் மாறியிருந்தது. முன்பு எல்லா உரிமையாளர்களும் சம்மதிக்க வேண்டும், ஒருவர் முறைத்துக்கொண்டாலும் நடக்காது. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அபார்ட்மென்ட் உரிமைச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் சம்மதித்தால் போதும் என்று வந்துவிட்டது. பில்டர் அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார். 140 கடைகளில் 94 கையெழுத்து வேண்டும். 71 விழுந்தது.

புதுக் கட்டடம் பளிச்சென்று இருக்கும், பார்க்கிங் தாராளமாக இருக்கும், தீயணைப்பு ஏற்பாடு ஒழுங்காக இருக்கும், மறுவிற்பனை விலை ஏறும். இதில் ஒன்றையும் மறுக்க முடியாது. என் கடையை இன்றைக்கு விற்றால் கிடைப்பதைவிட, புதுக் கட்டடத்தில் அதே 160 சதுர அடிக்கு நிச்சயம் கூடுதலாகக் கிடைக்கும். விற்கிற எண்ணம் உள்ளவர்கள் இத்தோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். உங்களுக்கு இடித்துக் கட்டுவதுதான் சரி.

நான் அந்தக் கடையில் உட்கார்ந்து தைக்கிறவன். எனக்கு எல்லாம் வந்து நின்ற இடம் மெயின்டனன்ஸ், பொதுச் செலவுக்காக மாதாமாதம் சங்கத்துக்குக் கட்டுகிற பணம்.

மாலில் கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், மெயின்டனன்ஸை கார்ப்பெட் ஏரியாவுக்குப் போடுவதில்லை, சூப்பர் பில்ட்-அப்புக்குப் போடுவார்கள். உங்கள் கடைக்கு உள்ளே இருக்கும் இடத்தோடு வராந்தா, லிஃப்ட், படிக்கட்டு, கழிப்பறை, செக்யூரிட்டி உட்காரும் மூலை எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்துக் கணக்கிடுவது அது. பழைய கட்டடங்களில் அந்தக் கூடுதல் குறைவு. என் 160 அடி காகிதத்தில் 215 அடி. பில்டரின் வரைபடத்தில் அதே 160 அடி 300 ஆகியிருந்தது. நடுவில் ஆகாயம் தெரிகிற பெரிய கூடம், இரண்டடுக்கு பேஸ்மென்ட் பார்க்கிங், நான்கு ஜோடி எஸ்கலேட்டர். படத்தில் அழகுதான். அந்தக் கூடத்தைக் குளிர வைக்கிற கரண்ட் பில்லில் எனக்கும் பங்கு உண்டு என்பதைப் படத்தில் எங்கேயும் போடவில்லை.

கூட்டத்தில் நான் எழுந்து கேட்டேன், "சார், மெயின்டனன்ஸ் அடிக்கு எவ்வளவு வரும்?" சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் 32 ரூபாய் என்றார்.

300 அடி, 32 ரூபாய். 9,600. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. மாதம் 11,328 ரூபாய். அப்போது நான் கட்டிக்கொண்டிருந்தது 215 அடிக்கு 14 ரூபாய் வீதம், ஜி.எஸ்.டி. சேர்த்து 3,552. பழுது பார்த்த பிறகு 19 ரூபாயாக உயர்த்தினார்கள். இப்போது 4,820 கட்டுகிறேன். அப்படியும் மாதம் 6,508 ரூபாய் வித்தியாசம். ஒரு புடவைக்கு ஃபால்ஸ், பிக்கோ இரண்டும் செய்தால் நூல், கூலி, துணி எல்லாம் போக எனக்கு நிற்பது 60 ரூபாய். ஆக, அந்தக் கூடத்தின் அழகுக்காக மட்டும் நான் மாதம் ஏறக்குறைய 108 புடவை கூடுதலாகத் தைக்க வேண்டும். எண்ணைப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. அர்ச்சனைக் கணக்கு.

இதில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. மாலுக்கு வருவது எச்.டி., அதாவது உயர் அழுத்த மின் இணைப்பு. அதில் ஓடிய யூனிட்டுக்கு மட்டும் பணம் கட்டுவதில்லை. இவ்வளவு கிலோவோல்ட் ஆம்பியர் வேண்டும் என்று வாரியத்தோடு ஒப்பந்தம் போட்ட அளவுக்கு டிமாண்ட் சார்ஜ் என்று தனியாக உண்டு. பாதிக் கடை பூட்டியிருந்தாலும் அது பெரிதாகக் குறையாது. செக்யூரிட்டி சம்பளமும் லிஃப்ட் ஏ.எம்.சி.யும் (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) அப்படித்தான். பூட்டிய கடைக்காரர் மெயின்டனன்ஸ் பாக்கி வைத்தால், திறந்திருக்கிற கடைக்காரர் தலையில்தான் அது இறங்கும். பழைய மால்கள் சாகிற விதம் பெரும்பாலும் இதுதான். பாக்கி ஏறினால் ஏ.சி.யை மதியத்துக்கு மேல் போடுவார்கள், ஏ.சி. குறைந்தால் ஆள் குறையும். ஆள் குறைந்தால் இன்னும் நாலு கடை பூட்டும். புதுக் கட்டடத்திலும் கடைகள் தனித்தனி ஆட்கள் பெயரில் இருக்கும்வரை இந்தச் சக்கரம் அப்படியே சுற்றும். 14 ரூபாயில் சுற்றியது 32 ரூபாயில் சுற்றும், அவ்வளவுதான்.

பில்டர் பக்கத்தின் வலுவான வாதமும் இங்கேதான் இருக்கிறது, சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. எக்ஸ்பிரஸ் அவென்யூ, வேளச்சேரி ஃபீனிக்ஸ் மாதிரி இடங்களில் கடைகளைப் பிய்த்து விற்பதில்லை, வாடகைக்கு விடுகிறார்கள். எந்த மாடியில் எந்தக் கடை, எத்தனை மணிக்குத் திறப்பது, எல்லாம் ஒரே கையில். ஸ்பென்சர் பிளாசா கடை கடையாக விற்கப்பட்ட கட்டடம். 1983ல் பழைய ஸ்பென்சர் கட்டடம் தீயில் போய், தொண்ணூறுகளில் மால் எழுந்தபோது ஊரே அங்கேதான் கிடந்தது. நான் அங்கே மியூசிக் வேர்ல்டில் கேசட் வாங்காமல் காதில் மாட்டிக் கேட்டுவிட்டு மட்டும் வந்த நாட்கள் எத்தனையோ. 2010ல் எக்ஸ்பிரஸ் அவென்யூ நடந்து போகிற தூரத்தில் திறந்தது. மெட்ரோ வேலைக்காக அண்ணா சாலை வருடக்கணக்கில் தோண்டிக் கிடந்தது. எல்.ஐ.சி. மெட்ரோ நிலையம் 2019ல் வாசலுக்கு வந்த பிறகும் பழைய கூட்டம் திரும்பவில்லை. ஒரே கை இருந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கலாம். ஆனால் எங்களுக்கு வந்த பில்டர் அந்த ஒரே கையாக இருக்க முன்வரவில்லை. கட்டி, தன் பங்கு அலுவலகங்களை விற்றுவிட்டு, சாவியைச் சங்கத்திடம் கொடுத்துவிட்டுப் போவார். அப்புறம் அதே சங்கம், அதே சண்டை.

பழுது பார்த்ததில் என்ன நடந்தது என்றால், சூப்பர் பில்ட்-அப் அடிக்கு 900 ரூபாய் வசூல். என் பங்கு 1,93,500. 18 தவணை, தவணைக்கு 10,750. 2024 ஜூலையில் தொடங்கி 2025 டிசம்பரில் கட்டி முடித்தேன். முதல் வேலையாகப் பேனலையும் ஜெனரேட்டரையும் பேஸ்மென்ட்டிலிருந்து தரைத்தளத்துக்குத் தூக்கினார்கள். பார்க்கிங்கில் ஆறு கார் இடம் போனது, போகட்டும். ஃபெஞ்சல் புயல் மழையில் பேஸ்மென்ட்டில் தண்ணீர் வந்தது, ஆனால் கரண்ட் போகவில்லை. பிறகு ஏ.சி.க்குத் தண்ணீரைக் குளிர வைக்கிற பழைய சில்லர் இயந்திரத்தை எடுத்துவிட்டுப் புதியது வைத்தார்கள், கழிவுநீர்க் குழாயை மாற்றினார்கள், ஒவ்வொரு மாடியாக வயரிங் செய்தார்கள். எங்கள் மாடியில் வேலை நடந்த ஏழு வாரம் தையல் மெஷினைத் தரைத்தளப் படிக்கட்டுக்குக் கீழே போட்டு உட்கார்ந்திருந்தேன். தூசியில் ஒரு பட்டுப்புடவை பாழாகி, கையிலிருந்து ஈடு கொடுத்தேன். ஆனால் வாடிக்கையாளர் ஒருவரும் வழி மாறவில்லை.

மூன்று வருடம் தகரம் அடித்து மூடியிருந்தால் அவர்கள் காத்திருப்பார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை. சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்தது. கடைக்காரர்களுக்கு அல்லிக்குளத்தில் இடம் கொடுத்தார்கள். நடந்து போகிற தூரம்தான். ஆனாலும் பழைய புத்தகம் தேடுகிறவர்களின் கால் அந்தப் பக்கம் பழையபடி திரும்பவில்லை என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார்.

கடைக்காரர்கள் கணக்கு இது. கணக்கில் வராத ஆட்களும் உண்டு. 140 கடையில் பாதிக்கு மேல் நடத்துவது வாடகைதாரர்கள். மொபைல் சர்வீஸ், ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, கவரிங் நகை. பில்டரின் வாடகை ஈடு உரிமையாளருக்குத்தான். வாடகைதாரருக்குக் கிடைப்பது அவர் கொடுத்த அட்வான்ஸ். கையெழுத்துப் போடும் உரிமையும் இல்லை. சுத்தம் செய்கிற அக்காக்கள் நான்கு பேர், அத்தனை பேரும் புதுப்பேட்டை. மதியம் ஏ.சி.க்காக வந்து உட்காருகிற பென்ஷன்காரர்கள். குழந்தைகள் மருத்துவமனையில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, பார்வையாளர் நேரம் வரும்வரை எங்கள் வராந்தாவில் முந்தானையை விரித்துக் கண்ணயர்கிற வெளியூர்ப் பெண்கள். செக்யூரிட்டி அண்ணன் அவர்களை எழுப்புவதில்லை. "தூங்கட்டும் தம்பி, ராத்திரி பூரா முழிச்சிருக்கும்" என்பார். அலுவலகங்களுக்குக் கார்டு தேய்த்து நுழைகிற கட்டடம் வந்தால் இவர்கள் எங்கே உட்காருவார்கள் என்று கூட்டத்தில் கேட்டால் சிரிப்பார்கள் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாவது வழியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் என் மச்சான் வழியாகத்தான். எங்கள் மாடியிலேயே அவருக்கு ஒரு வளையல் கடை இருந்தது. புயலுக்குப் பிறகு கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு, புரசைவாக்கத்தில் வெள்ளாளர் தெருப்பக்கம் வாடகைக்குப் போனார். மெயின்டனன்ஸ் என்ற சொல்லையே மறந்துவிட்டேன் என்கிறார். கடை முன்னால் நடக்கிற கூட்டம் எங்களைப்போல் நாலு மடங்கு. ஆனால் பதினோரு மாத ஒப்பந்தம் முடிகிறபோதெல்லாம் வாடகை ஏறுகிறது, வெயிலில் கவரிங் கறுக்கிறது, மழை வந்தால் ஷட்டருக்கு அடியில் மணல் மூட்டை. தெருவோரம் சொந்தமாக ஒரு கடை வாங்க முடிகிறவருக்கு அதுவே முதல் வழி என்று நினைக்கிறேன். என்னால் முடியாது, அவராலும் முடியவில்லை.

என் தேர்விலும் ஓட்டை உண்டு. முப்பது வருடம் கடந்த கான்கிரீட் இது. எஞ்சினீயர் தட்டிப் பார்த்து, தூண்கள் தாங்கும், மொட்டைமாடித் தளத்தில் மட்டும் கம்பி துருப்பிடித்திருக்கிறது என்று சொல்லி ஒட்டுப் போட்டிருக்கிறார். பழுது பார்த்த பிறகு இரண்டு மழைக்காலம்தான் பார்த்திருக்கிறேன். பத்து வருடத்தில் அதே பில்டரோ அவர் பிள்ளையோ அதே வரைபடத்தோடு வந்தால், அப்போது நான் 1,93,500ஐ வீணாகப் போட்டவன் ஆவேன். கடையை வாடகைக்கு விட்டுவிட்டு துபாயில் இருக்கிற உரிமையாளர்கள் இப்போதே அப்படித்தான் சொல்கிறார்கள். அவர்கள் இடத்திலிருந்து பார்த்தால் அது தப்பில்லை.

பில்டர் உங்கள் மாலுக்கும் வந்தால், புதிய கடையின் சூப்பர் பில்ட்-அப் எவ்வளவு, முதல் ஐந்து வருடத்துக்கு மெயின்டனன்ஸ் அடிக்கு எவ்வளவு, விற்காத கடைகளுக்கு மெயின்டனன்ஸ் கட்டப்போவது யார் என்று எழுத்தில் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு எங்களுக்குக் கடைசிவரை பதில் வரவில்லை. கையெழுத்துப் போடத் தயாராக இருந்த பதினைந்து பேராவது அதனால்தான் பின்வாங்கினார்கள்.

இப்போது எங்கள் மாலில் ஏறுகிற எஸ்கலேட்டர் ஓடுகிறது. இறங்குகிறது இன்னும் நின்றுதான் இருக்கிறது. அதற்கு மூன்றாவது முறையாக கொட்டேஷன் வாங்கியிருக்கிறார்கள், அடிக்கு 40 ரூபாய் வசூல் வரும் என்று பேச்சு. அதுவரை இறங்குகிறவர்கள் அதைப் படிக்கட்டாக வைத்துக்கொண்டு, புடவைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துதான் இறங்குகிறார்கள்.