கிளாஸ் ஏபியா, கிளாஸ் டியா?

ஸ்பீக்கரை இயக்க ஒலி சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரில் (ஆம்ப்) இவை இரண்டு வகைகள். கிளாஸ் ஏபி ஆம்பின் மூடியில் கை வைத்தால், பாட்டு ஓடாதபோதே இளஞ்சூடு தெரியும். அந்தச் சிக்னல் அலையின் மேல் பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப் பாதியை இன்னொன்றும் கவனிக்கின்றன. கைமாறும் இடத்தில் ஒலி பிசிறக் கூடாதென்று இரண்டிலும் எப்போதும் கொஞ்சம் கரண்ட் ஓடும், சூடு அதனால்தான்.

கிளாஸ் டி, டிரான்சிஸ்டர்களை ஸ்விட்ச் மாதிரி நொடிக்குப் பல லட்சம் முறை போட்டு அணைக்கிறது. கடைசியில் ஒரு கம்பிச்சுருளும் (காயில்) கபாசிட்டரும் சேர்ந்த ஃபில்டர் அந்தத் துடிப்பை வடிகட்டி, இசையை மட்டும் ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. எடுக்கும் மின்சாரத்தில் 90 சதவீதம் சூடாக வீணாகாமல் ஸ்பீக்கருக்குப் போவது இதில் சாதாரணம். சீரான சைன் அலைக்கு ஏபி கணக்குப்படியே 78.5 சதவீதத்தைத் தாண்டாது. (‘டி’ என்றால் டிஜிட்டல் அல்ல. சி-க்கு அடுத்த எழுத்து, அவ்வளவுதான்.)

சரி, காதுக்கு? பழைய டி ஆம்ப்கள் பலவற்றில் குறை இருந்தது உண்மைதான். ஸ்பீக்கரின் இம்பிடன்ஸை (ஓமில் அளக்கும் மின் எதிர்ப்பு) பொறுத்து ஃபில்டரின் போக்கு மாறும்: 4 ஓமில் உச்ச ஸ்தாயி ஒலிகள் மங்கும், 8 ஓமில் துருத்தும். ஃபில்டருக்குப் பின்னாலிருந்து ஃபீட்பேக் எடுக்கும், அதாவது வெளிவரும் சிக்னலை உள்ளே வந்ததோடு ஒப்பிட்டுத் திருத்தும் டிசைன்களில் அந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விட்டது.

ஒப்பிட்டுக் கேட்பதானால் முதலில் இரண்டின் சத்தத்தையும் மீட்டர் வைத்துச் சமப்படுத்துங்கள். அரை டெசிபல் கூடினாலே காது அதைத்தான் ‘இனிமை’ என்னும். நானும் ஏமாந்திருக்கிறேன். சமப்படுத்திய பின் எது எதுவென்று எனக்குப் பிடிபடவில்லை. மூடிய அலமாரிக்குள் வைக்க டி வாங்குவேன்; பின்னாளில் நானே பிரித்துப் பழுதுபார்க்க ஏபி.