ஷேப்லி: 3,200 செவ்வகங்களோடு ஒரு வாரம்

வீட்டு வரைபடங்களை ஸ்கேன் செய்து எடுத்த 3,200 செவ்வகங்கள், ஒரே பைத்தான் லிஸ்டில். ஒன்றன்மேல் ஒன்று விழுபவற்றைக் குழுகுழுவாகப் பிரிக்க வேண்டும். முதலில் ஒவ்வொன்றையும் மற்றவற்றோடு ஒப்பிட நானே இரண்டு ஃபார் லூப் போட்டேன். 51 லட்சம் ஜோடிகள்! டீ குடித்துவிட்டு வந்தாலும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் வடிவங்களைக் கையாளும் பைத்தான் நூலகமான ஷேப்லிக்கு வந்தேன். இலவசம். இதிலுள்ள எஸ்டிஆர்ட்ரீ என்ற தேடல் கருவி, பக்கத்தில் இருக்கும் வடிவங்களை மட்டும் எடுத்து ஒப்பிடுகிறது. டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. 2022 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பிலிருந்து வடிவத்துக்குப் பதில் அதன் வரிசை எண்ணைத் தருகிறது. எனக்கு அதுதான் வசதி.

பெயரை நம்பி ஷேப்லியின் 'ஓவர்லாப்ஸ்' சோதனையைப் போட்டுவிடாதீர்கள். ஒன்று இன்னொன்றுக்குள் முழுதாக அடங்கியிருந்தால் 'இல்லை' என்றே சொல்லும். அறைக்குள் இருந்த அலமாரியெல்லாம் எனக்குத் தனியாக நின்றது. 'இன்டர்செக்ட்ஸ்' பரவாயில்லை, ஆனால் சுவரோடு சுவர் தொட்டாலே 'ஆமாம்' என்னும். வெட்டும் பரப்பு பூஜ்யத்துக்கு மேலா என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்.

சங்கிலியாக இணைவதைக் குழுவாக்கும் வேலையை நெட்வொர்க்எக்ஸ் என்ற இன்னொரு பைத்தான் நூலகத்திடம் விட்டேன். கூடம் சமையலறையோடும், சமையலறை பின்கட்டோடும் மோதினால் மூன்றும் ஒரே குழு. ஐந்தே வரி.