ஆந்தை மோதிரத்தில் 640 யூரோ போனது, நீங்களும் ஏமாறாதீர்கள்

கை இன்னும் நடுங்குகிறது. பழம்பொருள் ஏலத் தளம் ஒன்றில் 'கி.மு. 4ஆம் நூற்றாண்டு கிரேக்கத் தங்க முத்திரை மோதிரம்' என்று போட்டிருந்ததை மூன்று வாரம் முன்பு 640 யூரோவுக்கு வாங்கினேன். முகப்பில் ஓர் ஆந்தை, பின்னால் ஆலிவ் தளிர், பக்கத்தில் மூன்று கிரேக்க எழுத்து.

நான் சும்மா வாங்கவில்லை. ஆந்தைக்கு என்ன பொருள் என்று கேட்டேன். ஆந்தை கிரேக்க அறிவுத் தெய்வம் அதீனாவின் பறவை, டால்பின் உருவெடுத்துத்தான் அப்பல்லோ தெய்வம் கிரீட் தீவு மாலுமிகளைத் தன் கோயில் ஊரான டெல்ஃபிக்குக் கூட்டிவந்ததாகக் கதை, தேனீ பழைய கிரேக்க நகரம் எபேசஸின் சின்னம் என்று விற்ற ஆள் இரவு பன்னிரண்டு மணிவரை பொறுமையாக எழுதினான். ஒன்றுகூடப் பொய் இல்லை. நான் விழுந்தது அங்கேதான், இவ்வளவு தெரிந்தவன் ஏமாற்றுவானா என்று உடனே பணத்தைக் கட்டிவிட்டேன்.

வந்ததும் சப்பாத்தி மாவில் அழுத்திப் பார்த்தேன். முத்திரை என்றால் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும், அப்போதுதான் அழுத்திய பதிவில் நேராக வரும். இதில் எப்சிலான் (E) என்ற எழுத்து மாவில் இடவலம் திரும்பி நின்றது! பழைய ஏதென்ஸ் வெள்ளி நாணயத்தின் ஆந்தையை அப்படியே பார்த்து அச்செடுத்திருக்கிறான். ஆசாரியிடம் கொடுத்தேன், உரைகல்லில் ஓர் இழுப்பு, லென்ஸில் ஒரு பார்வை, அவ்வளவுதான். உளி பட்ட தடமே இல்லை, கோடெல்லாம் மழுங்கல், ஆந்தையின் இறக்கையில் ஊசிமுனைக் குழிகள். வார்ப்பு, தங்க முலாம் பூசிய பித்தளை. இதற்கா 640 யூரோ!

விற்றவனைக் கேட்டால் "உங்கள் ஆசாரிக்குப் பழங்காலத் தங்கம் தெரியாது" என்றான். அப்புறம் பதிலே இல்லை. தளத்துக்காரர்கள் "விற்றவரிடம் பேசுங்கள்" என்றார்கள், பேசிவிட்டேன் என்றால் "14 நாள் கடந்துவிட்டது". அந்த 14 நாளும் நான் அவர்களுக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

வாங்குகிறவர்களே, அவசரமாகச் சொல்கிறேன்: முத்திரை என்றால் அழுத்திய பதிவின் படம் கேளுங்கள். விற்பவனே அச்சடித்த சான்றிதழை நம்பாதீர்கள். முன்பு யார் கையில் இருந்தது, எப்படி வெளியே வந்தது என்ற தாள் இல்லாமல் தொடாதீர்கள், கிரேக்க மண்ணில் கிடைக்கும் பழம்பொருள் அந்நாட்டுச் சட்டப்படி (முன்பு 3028/2002, 2021 முதல் 4858/2021) அரசின் சொத்து, அசல் என்றாலும் சிக்கல்தான்.

இன்று காலை அதே ஆள் ஒரு டால்பின் மோதிரம் போட்டிருக்கிறான். அதே கறுப்பு வெல்வெட் துணி. ஏற்கெனவே இரண்டு பேர் விலை கேட்டிருக்கிறார்கள்.